இம்பொசிபிலிற்றி: அக்காவிடம் மிஞ்சிய ஒரே சொல்

22 ஏப்ரல் 1969, செவ்வாய்

இன்று தொடக்கம் இதில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒரு சீவன் நம்பப்போவதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் மேலும் அதன் அடியில் கிடக்கும் அத்தனை நங்கூரங்களின் மேலும் சத்தியம் பண்ணி எழுதுகிறேன். எழுதுபவன் கிழக்குக் கடலின் ஏகபோகத் தளபதி கிறிஸ்தோபர். மூதூருக்கு ஓடுகிற லோஞ்சுப் படகில் ரிக்கற் கிழிக்கிறவன் என்று சில பொறாமைக்காரர் சொல்வதுண்டு.

கதை இதுதான். என் அக்கா மக்டலின் கொன்வென்ட் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ரீச்சர். பாஸ்காப் பெருநாள் முடிந்த கையோடு ஒரு நாள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீளச் சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதித் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டிக்கொண்டு நின்றவர், அப்படியே சாய்ந்துவிட்டார். பாரிசவாதம். வலது கை இல்லை, வலது கால் இல்லை, பேச்சும் இல்லை. நாற்பது வருடமாகச் சேர்த்த தமிழும் இங்கிலீஷும் ஒரு நொடியில் போயிற்று. மிஞ்சியது கரும்பலகையில் இருந்த அந்த ஒரு சொல் மட்டும்.

இம்பொசிபிலிற்றி.

அக்கா விழுந்தபோது கோணமலை ஒரு முழம் கிழக்கே நகர்ந்தது. துறைமுகத்தில் நின்ற எண்ணெய்க் கப்பல் தானாக ஊதியது. ஊரில் உள்ள கோழியெல்லாம் மத்தியானத்தில் கூவின. இதை அக்காவின் ஒரே மகள் இன்பமலருக்குச் சொன்னேன்.

"கரும்பலகையில எழுதின சோக்கட்டி உடைஞ்சது மாமா," என்றாள். "அவ்வளவுதான்."

23 ஏப்ரல்

சொல் மாறவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

பௌத்தரின் போயா நாளை வார லீவாக்கினதில் இருந்து ஞாயிறு வேலைநாள். பூசை நேரத்தில் ரிக்கற் கிழித்தேன். அந்தப் பாவத்தை அரசாங்கத்தின் கணக்கில் எழுதும்படி ஆண்டவரைக் கேட்டுக்கொண்டு, பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அற்றெண்டன் தேத்தண்ணி கொண்டுவந்தான். "ரீச்சர், தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"இம்பொசிபிலிற்றி."

அவன் பயந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அக்கா அந்தக் கோப்பையையே பார்த்தார். கதவுக்கு அப்பால் போகுமட்டும் பார்த்தார். பிறகு இடது கையால் கட்டிலில் அடித்து, "இம்-பொ-சி-பி-லி-ற்றி!" என்றார். ஆறு துண்டு, ஆறு அடி. பிள்ளைகளுக்கு அடிமட்டத்தால் மேசையில் தட்டுகிற அதே தாளம்.

டொக்டர் சொன்னதை மறக்கமுதல் எழுதிவைக்கிறேன். "சில பேருக்கு இப்பிடி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும். அவ என்ன சொல்ல நினைச்சாலும் வாயில அதுதான் வரும். சொல்லின்ர அர்த்தத்தைப் பாக்காதேங்கோ. தலையாட்டினாலும் நம்பாதேங்கோ, ஓமும் இல்லையும் மாறி வரும்."

நான் உடனே பரிசோதித்தேன். "அக்கா, உங்கட பேர் புஸ்பராணியோ?" அக்காவின் தலை ஓம் என்று ஆடியது. பக்கத்தில் நின்ற உண்மையான புஸ்பராணிக்கு முகம் கறுத்துப்போயிற்று. புஸ்பராணி மச்சாள் காலஞ்சென்ற அத்தானின் தமக்கை. அத்தான் மோட்சத்துக்குப் போனபோது தன் அதிகாரத்தை மட்டும் இவரிடம் விட்டுவிட்டுப் போனார்.

4 மே, ஞாயிறு

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரை. அதில் இருந்தால் வாசலும் தெரியும், குசினிப் பக்கமும் தெரியும்.

இன்று நடந்ததைப் பகிடியாக எழுத ஏலாது. எழுதிப் பார்க்கிறேன்.

பாஸ்காவுக்கு முந்தின தபசுகாலத்தில் மலருக்கு இங்கிலாந்தில் நேர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. வாறன் அல்லது வரேல்ல என்று ஜூன் முடிவதற்குள் மறுமொழி எழுதவேண்டும். அக்கா அப்போது ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. "பாஸ்கா முடியட்டும், சொல்றன்" என்றார். பாஸ்கா முடிந்தது. அந்தப் பதில் அக்காவின் தலைக்குள் எங்கேயோ இருக்கிறது. அந்தப் பூட்டுக்குத் திறப்பு இல்லை.

மலர் இன்று கதிரைக்குக் கிட்டக் குந்தி இருந்து கேட்டாள். "அம்மா, நான் இங்கிலாந்துக்குப் போகட்டோ?"

வேறென்ன வரும்?

"இம்பொசிபிலிற்றி."

மலர் எழும்பிக் குசினிக்குப் போனாள். புஸ்பராணி மச்சாள் பின்னாலேயே போனார். "கேட்டியே பிள்ளை? பெத்த தாய் வாயால சொல்லிப்போட்டா. இனி என்ன கதை?"

"மச்சாள், அக்கா தேத்தண்ணிக்கும் அதைத்தானே சொன்னவ" என்றேன்.

"தேத்தண்ணிக்குச் சொன்னது வேற. இதுக்குச் சொன்னது வேற. தாய்மாருக்குத் தெரியும்."

மச்சாளுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வராத நோய் இந்த வீட்டில் பரவுகிறது போல.

9 மே, வெள்ளி

உலக வைத்திய சாத்திரத்தை அதிரவைக்கும் ஆராய்ச்சி ஒன்றை இன்று நடத்தினேன். மலரைச் சாட்சியாக நிற்பாட்டினேன்.

"அக்கா, கடல் தண்ணி உப்போ?" இம்பொசிபிலிற்றி.

"நீங்கள் இங்கிலாந்து மகாராணியோ?" இம்பொசிபிலிற்றி.

"உங்கட தம்பி கிறிஸ்தோபர் வடிவானவனோ?" இம்பொசிபிலிற்றி. இதில் மட்டும் அர்த்தம் இருந்ததோ என்று ஒரு சந்தேகம்.

"பாத்தியோ?" என்று மலரைக் கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒண்டுதான். உனக்குச் சொன்னதும் பதில் இல்லை."

அவள் சிரிக்கவில்லை. "நீங்கள் உப்பைப் பற்றிக் கேட்டீங்கள் மாமா. நான் என்னைப் பற்றிக் கேட்டனான்."

14 மே, புதன்

வேறு வழியில் யோசித்தேன். அக்கா எத்தனையோ முறை எனக்கே விளக்கின பாடம் இது. முதலில் 'பொசிபிள்' என்று ஒரு சாதுவான சொல், ஆகக்கூடியது என்று பொருள். அதன் வாலைக் கொஞ்சம் வெட்டி 'இலிற்றி' ஒட்டினால் பெயர்ச்சொல். தலையில் ஒரு 'இம்' வைத்தால் எல்லாம் தலைகீழ், ஆகவே ஆகாது. இவ்வளவு பெரிய உடம்பை அந்தச் சின்னத் தலை கவிழ்த்துவிடும் என்பார்.

அப்படியென்றால் தலையை எடுத்துவிட்டால்? பொசிபிலிற்றி! ஆகும்! மலர் போகலாம்!

காலையில் இருந்து அக்காவுக்கு முன்னால் இருந்து சொல்லிக்கொடுத்தேன். "பொ. அக்கா, பொ. இம்மை விட்டுட்டுச் சொல்லுங்கோ." அக்கா என் வாயைப் பார்த்தார். நெற்றி வேர்த்தது. உதடு நடுங்கியது. வந்தது முழுச் சொல்தான். கொழும்பில் இருந்து வருகிற மெயில் ரயிலைக் கல்லோயாச் சந்தியில் வெட்டி, மட்டக்களப்புக்கு அரைவாசியும் எங்களுக்கு அரைவாசியுமாக அனுப்புகிறார்கள். ரயிலுக்கு ஒரு கல்லோயா இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு இல்லை.

இந்தத் தலையைப் பற்றி முந்தி ஒருநாள் அக்காவோடு வாதாடினேன். மற்றச் சொல்லுக்கெல்லாம் 'இன்' என்று வைக்கிறவர்கள் இதற்கு மட்டும் ஏன் 'இம்' வைத்தார்கள் என்று.

"பகரத்துக்கு முன்னால வாய் தானா மூடும், கிறிஸ்தோபர். கம்பு எண்டு சொல்லிப் பார். கன்பு எண்டு வருதோ?"

"அன்பு வருதே?" என்று மடக்கினேன்.

"ஆறுதலாச் சொன்னா அன்பு. அவசரத்தில எல்லாரும் அம்பு எண்டுதான் சொல்லுகினம்."

அப்படிக் கதைத்த வாய்.

15 மே

நேரசை நிரையசையாகவும் பிரித்துப் பார்த்தேன். இம், பொசி, பிலிற், றி. நேர், நிரை, நிரை, நேர். அக்காவின் இங்கிலீஷில் ஆறு துண்டு, என் தமிழில் நாலு அசை. யாப்பில் அந்தச் சீருக்குப் பேர் கூவிளநறும்பூ. எவ்வளவு வடிவான பேர்! ஒரு பிரயோசனமும் இல்லை.

21 மே, புதன்

கச்சான் என்கிற தென்மேற்குச் சூட்டுக் காற்று தொடங்கிவிட்டது. லோஞ்சு இன்று வானத்துக்கும் பாதாளத்துக்குமாய்ப் பாய்ந்தது. ஒரு அலை எங்களைச் சந்திரனுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. சுக்கான் பிடித்தவர் என் சிநேகிதர் கலீலுர் றஹ்மான், மூதூர் வழக்கில் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். வாயில் பீடி.

"காக்கா, மூதூர்ப் பக்கம் மழை பெய்ததோ?"

"ம்."

"வெள்ளாமைக்குக் காணுமோ?"

"ம்."

எனக்குள் மின்னல் வெட்டியது. ம்! தமிழில் வாயை மூடி 'ம்' என்றால் ஓம். அக்கா சொல்வது 'இம்பொசிபிலிற்றி' இல்லை. 'ம்... பொசிபிலிற்றி!' ஓம், ஆகும்! இங்கிலீஷ்காரனுக்கு மறுப்பு, எங்களுக்குச் சம்மதம். ஒரே உதட்டு மூடல்!

"காக்கா, நீங்கள் ஒரு மகான்!" என்று கத்தினேன்.

"உனக்குக் கடல் காத்துப் பிடிச்சுட்டுது மச்சான். உள்ளுக்குப் போய் இரி."

வீட்டுக்கு ஓடிவந்து மலருக்கு மூச்சுவிடாமல் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நான் போகட்டோ எண்டு கேட்டா ஓம்," என்றாள். "போகாம இருக்கட்டோ எண்டு கேட்டாலும் ஓம். என்ன மாமா?"

தளபதி தோற்றார்.

2 ஜூன்

மலர் போகவில்லை என்று எழுதப்போகிறாளாம். எழுதட்டும் என்கிறார் மச்சாள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

8 ஜூன், ஞாயிறு

பால் அடுப்பில் இருந்தது. மலர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள். நான் முற்றத்தில் பிய்ந்துபோன செருப்போடு போராடிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது கதிரையில் இருந்த அக்காவுக்குத்தான் தெரிந்தது.

"இம்பொசிபிலிற்றீ! இம்பொசிபிலிற்றீ!"

மலர் கிணற்றடியில் இருந்து ஓடிவந்து பானையை இறக்கினாள். பிறகு பிடிதுணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, நான் ஏன் ஓடிவந்தனான்?"

"பால் பொங்கினது."

"எனக்கு அது தெரியாதே. அம்மா கூப்பிட்டவ, ஓடிவந்தனான். கொஞ்ச நாளா அந்தச் சொல்லுக்கு நான் ஓடி ஓடித்தான் வாறன். அவ 'இன்பமலர்' எண்டுதான் தொடங்குறா. நீங்களும்தான் அவசரத்தில என்னை 'இம்பமலர்' எண்டு கூப்பிடுறனீங்கள். 'இம்ப' வரைக்கும் என்ர பேர் மாமா. அதுக்குப் பிறகு அந்தச் சொல்லு அவவை இழுத்துக்கொண்டு போயிடுது."

உலக வைத்திய சாத்திரத்தின் ஆராய்ச்சியாளர் கையில் இருந்த பிய்ந்த செருப்பைக் கீழே போட்டார். உப்பு, மகாராணி, கூவிளநறும்பூ எல்லாம் பார்த்தேன். இந்த வீட்டில் 'இம்ப' என்று தொடங்குகிற பேர் ஒன்று இருப்பதைப் பார்க்கவில்லை.

"அப்ப நல்லதுதானே பிள்ளை," என்றேன். "அம்மா உனக்கு வேண்டாம் எண்டு சொல்லேல்ல. போ."

அப்போதுதான் அவள் அழுதாள். இவ்வளவு நாளும் அழாதவள். "வேண்டாம் எண்டு சொல்லியிருந்தா ஒரு நாளைக்குக் கோவிச்சுக்கொண்டெண்டாலும் போயிருப்பன். பேர் சொல்லிக் கூப்பிடுறவவை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

ஒரு பொய்கூட வரவில்லை, எனக்கு!

9 ஜூன்

அக்கா இன்று நிறையக் கூப்பிட்டார்.

18 ஜூன், புதன்

பகல் லோஞ்சு முடிந்து வீட்டுக்கு வந்தால் சத்தம். அக்கா கதிரையில் இல்லை. அறைக்குள், அலுமாரிக்கு முன்னால், நிலத்தில். எப்படிப் போனார்? சுவரைப் பிடித்தா, தவழ்ந்தா? யாரும் காணவில்லை. மலர் கடைக்குப் போன நேரம். மச்சாள் முன்னுக்குச் செபமாலையோடு கண்ணயர்ந்து போனாராம். செபித்ததாகத்தான் சொல்கிறார்.

அலுமாரியின் கீழ்த்தட்டு முழுக்க வெளியே கிடந்தது. பழைய சேலைகள், அத்தானின் கோட்டு, பூச்சி உருண்டைகள். அக்காவின் இடது கையில் ஒரு கம்பளிச் சட்டை. ரீச்சர் படிப்புக்கு நுவரெலியாப் பக்கம் போயிருந்த காலத்தில் போட்டது. திருகோணமலைக்குத் திரும்பி வந்த நாளில் இருந்து அதை யாரும் தொட்டதில்லை. இந்த ஊரில் கம்பளிச் சட்டை போடுகிறவனை அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

நானும் மச்சாளும் தூக்கி இருத்தினோம். சட்டையை வாங்கப் பார்த்தேன், அக்கா விடவில்லை.

"குளிருதாக்கும்," என்றார் மச்சாள். "போர்த்து விடு தம்பி."

"மச்சாள், கச்சான் அடிக்குது. கோழி முட்டை வெயிலில அவியுது. குளிரோ?"

போர்த்தினேன். அக்கா உதறித் தள்ளினார். திரும்பப் போர்த்தினேன். என் கையில் ஒரு அடி விழுந்தது. எட்டாம் வகுப்பில் எனக்கு விழுந்த அதே கனம், சத்தியமாக.

மலர் வாசலில் வந்து நின்றாள். அக்கா அவளைக் கண்டதும் சட்டையை முன்னால் நீட்டினார். மலர் கிட்டப் போய்க் குந்தினாள். அக்கா ஒற்றைக் கையால் அதை அவளுடைய தோளில் வைத்தார். வழுக்கி விழுந்தது. எடுத்துத் திரும்ப வைத்தார். கழுத்தடியை இழுத்துவிட்டார். பிறகு கையின் நீளம் போதுமா என்று, மலரின் மணிக்கட்டு மட்டும் கம்பளியை இழுத்துப் பார்த்தார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மலர் மட்டும் மெதுவாக, "அங்க குளிராம், என்னம்மா?" என்றாள்.

"இம்பொசிபிலிற்றி," என்றார் அக்கா.

மச்சாள் செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

29 ஜூன்

வாறன் என்று மலர் எழுதிவிட்டாள். புஸ்பராணி மச்சாள் எங்களோடு கதைப்பதில்லை. திருகோணமலையில் இப்படி ஒரு அமைதி வெள்ளைக்காரன் கடற்படையைக் கழற்றிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு இன்றுதான்.

6 ஜூலை

அமைதி முடிந்தது. மச்சாள் தன் ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். "பொம்பிளை ஆள் இல்லாம ஆர் இவவைக் குளிப்பாட்டுறது? நீயோ?" இனி இங்கேதானாம். தலையணை சரியில்லையாம். குசினி சரியில்லையாம். நான் ஆரம்பத்தில் இருந்தே சரியில்லையாம்.

7 செப்ரெம்பர், ஞாயிறு

இன்று பின்னேரம் மலர் புறப்பட்டாள். இதை வருங்காலச் சந்ததிக்காக விவரமாக எழுதுகிறேன்.

துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் கொடியேற்றின. றஹ்மான் காக்கா லோஞ்சைத் தரையில் ஓட்டிக்கொண்டு வந்து படலையடியில் கட்டினார். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் ஒருமிக்கக் கொதித்தன. ஸ்ரேசனுக்குப் போகிற ஹயரிங் கார் படலையில் வந்து நின்றதும், அக்கா கதிரையை விட்டு இரண்டு காலில் எழும்பி, வாசல் மட்டும் நடந்து வந்து, மகளின் நெற்றியில் சிலுவை போட்டு, தெளிந்த தமிழில் சொன்னார்: "இன்பமலர், சுகமாப் போட்டு வா மகள். என்னை மாமா பாத்துக்கொள்ளுவான்." புஸ்பராணி மச்சாள் மூன்று முறை மயங்கி விழுந்தார். கார் ட்ரைவர் சாட்சி.

23 நவம்பர், ஞாயிறு

மாரி மழை. லோஞ்சு ஓடவில்லை. கடல் உறுமுகிறது.

மச்சாள் அக்காவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே அவரோடு சண்டை பிடிக்கிறார். "கொஞ்சம் நிமிர்ந்து இரும், ரீச்சர் அம்மா." "இம்பொசிபிலிற்றி." "ஓம், ஓம், உமக்கு எல்லாம் இம்பொசிபிலிற்றிதான்." இரண்டு பேருக்கும் நேரம் போகிறது.

பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அக்கா கூப்பிடத் தொடங்குவார். முந்தி மலர் குசினியில் நிற்கிற நேரம். முழுச் சொல், ஒரு துண்டும் குறையாமல். நான் "வாறன் அக்கா" என்று போய் நிற்பேன். அக்கா என்னைப் பார்ப்பார். பிறகு எனக்குப் பின்னால் பார்ப்பார். தண்ணி கொடுப்பேன், தலையணையைச் சரிப்படுத்துவேன், வானொலியைப் போடுவேன். கேட்டது எதுவென்று தெரிந்துகொண்டே இதெல்லாம் செய்வேன். வேறு என்ன செய்ய? அக்காவும் தெரிந்துகொண்டே தண்ணியைக் குடிப்பார்.

செப்ரெம்பர் ஏழாம் தேதிக்கு எழுதியதை இன்று திரும்ப வாசித்தேன். கப்பல் கொடியேற்றவில்லை. கன்னியா கொதிக்கவில்லை. மச்சாள் மயங்கவில்லை, குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அக்கா எழும்பவில்லை. தமிழில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்தில் மலை நகர்ந்தது, கோழி கூவியது, சந்திரனுக்குப் போனது, எதையும் நம்பவேண்டாம்.

ஆனால் ஒன்று. மலர் அந்தக் கம்பளிச் சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு கதிரைக்கு முன்னால் குனிந்து நின்றாள். அக்கா அவளைப் பார்த்து வாய் திறந்தார்.

"இம்ப," என்றார்.

மிச்சம் வருமென்று நாங்கள் நின்றோம். வரவில்லை. அக்கா உதட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அந்தச் சொல் தன்னை இழுக்க விடாமல். கழுத்து நரம்பு தெரிந்தது. கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

"ஓம் அம்மா," என்றாள் மலர்.

இது உண்மை.